வியாழனில் விழுந்த கரும்புள்ளி வந்த வழி

2009 ஜூலை 19 அன்று வியாழனின் தென் துருவத்தை ஒட்டிய மேகங்களுக்குள் ஒரு பாறை விழுந்தது. அதன் குறுக்களவு 200 மீட்டரிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்திருக்கும் என்பது பிற்பாடு போட்ட கணக்கு. விழுந்த வேகத்தில் பாறையும் சுற்றியிருந்த வாயுவும் கொதித்து மேலே பீறிட்டன. பிறகு அந்தத் தூசி மெல்ல இறங்கி, மேகங்களுக்கு மேலே கறுப்பாகப் படிந்தது. பசிபிக் பெருங்கடலை மூடும் அளவுக்கு அந்தக் கறை பரவியது. அவ்வளவு பெரிய மோதலை ஒருவரும் பார்க்கவில்லை.

பார்க்க ஆளில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. வியாழனைச் சுற்றிவந்த கலிலியோ விண்கலத்தின் கதை 2003-லேயே முடிந்துவிட்டது. ஜூனோ அங்கே போய்ச் சேர்ந்தது 2016-ல். இடைப்பட்ட காலத்தில், 2007-ல் புளூட்டோவுக்குப் போகிற வழியில் நியூ ஹொரைசன்ஸ் எட்டிப்பார்த்துவிட்டுப் போனதோடு சரி. காசினி சனிக்கிரகத்தில் இருந்தது. ஹப்பிள் தொலைநோக்கிக்கு அந்த மே மாதம்தான் விண்வெளி வீரர்கள் போய்ப் புதிய கேமரா பொருத்தியிருந்தார்கள். அதைச் சோதித்துச் சரிபார்க்கும் வேலையே முடிந்திருக்கவில்லை.

பதினைந்து வருடத்துக்கு முன்பு, அதே ஜூலையில், நிலைமை முற்றிலும் வேறு. ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்மீன் துண்டுதுண்டாக உடைந்து வியாழனை நோக்கி வருவது 1993-லேயே தெரிந்துவிட்டது. எந்தத் துண்டு எந்த நாளில் விழும் என்றுகூடக் கணித்து வைத்திருந்தார்கள். 1994 ஜூலை 16 முதல் 22 வரை உலகத்திலுள்ள தொலைநோக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. 2009-ல் வந்த பாறையோ முன்னறிவிப்பு இல்லாமல் வந்தது. அதன் தழும்பு உலகத்துக்குத் தெரியவந்தது ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டுத் தோட்டத்தின் வழியாக. வியாழனின் மேகத்திலிருந்து அந்தத் தோட்டத்துக்கும், அங்கிருந்து மற்ற இடங்களுக்கும் அந்தப் புள்ளி வந்த வழியைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், வந்தது என்ன? சூரியனிலிருந்து கிளம்பும் ஒளி வியாழனை எட்ட அப்போது சுமார் 42 நிமிடம் பிடித்தது. அம்மோனியாப் பனிமேகங்களில் பட்டு எல்லாத் திசையிலும் சிதறியது. அதில் பூமியை நோக்கித் திரும்பிய சொற்பப் பங்கு 62 கோடி கிலோமீட்டரைக் கடக்க இன்னொரு 34 நிமிடம். தெற்கே கறை படிந்திருந்த இடத்தில் மட்டும் தூசி ஒளியைக் குடித்துக்கொண்டது. ஆகவே அங்கிருந்து நம்மை நோக்கிப் புறப்பட்டது ஒளியில் விழுந்த ஒரு பொத்தல். சுற்றிலும் வெளிச்சம் வர, நடுவில் கொஞ்சம் இடம் மட்டும் ஏறக்குறைய வெறுமையாக, அப்படியே வெற்றிடத்தைக் கடந்து வந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்தப் பயணத்தில் அதன் உருவம் கொஞ்சமும் கலையவில்லை. வெற்றிடத்தில் கலைவதற்கு ஒன்றுமில்லை. எல்லாச் சிக்கலும் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில், பூமியின் காற்றில் இருக்கிறது.

கிரகங்களைப் படமெடுப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தொலைநோக்கியைப் பற்றிப் பேசுவதைவிடக் காற்றைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. இரண்டும் கலந்து புரளும்போது, வந்துகொண்டிருக்கும் பிம்பம் ஒரு கணத்தில் நீளும், மறுகணம் குறுகும், இரண்டாகப் பிளந்து மீண்டும் ஒட்டும். ஓடுகிற வாய்க்காலின் அடியில் கிடக்கும் காசைப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, ஐபீஸில் வியாழன் அப்படித் தெரியும். நட்சத்திரங்கள் மினுக்குவதாக நாம் ரசிப்பதும் இதைத்தான். படமெடுப்பவருக்கு நட்சத்திரம் மினுக்கினால் அன்று ராத்திரி வேலை நடக்காது என்று அர்த்தம்.

இதை எண்ணில் சொன்னால் விளங்கும். அன்றைய தூரத்தில் வியாழனின் வட்டு முழுநிலவின் அகலத்தில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான். தோட்டத்தில் இருந்த தொலைநோக்கியின் ஆடி 14.5 அங்குலம், கிட்டத்தட்ட 37 சென்டிமீட்டர். காற்றே இல்லாவிட்டால் அந்த ஆடி வியாழனில் 900 கிலோமீட்டர் அளவுள்ள விவரத்தைப் பிரித்துக் காட்டும். சாதாரணமான ஓர் இரவின் கலங்கிய காற்று அதை 6,000 கிலோமீட்டருக்குத் தள்ளிவிடும். கறை சில ஆயிரம் கிலோமீட்டர் நீளம். அதாவது, நல்ல காற்றில் அது ஓரம் தெளிந்த ஒரு கறுப்புத் தழும்பு. கெட்ட காற்றில் வெறும் மங்கல், அதையும் வழக்கமான துருவ மேகம் என்று கடந்துபோயிருக்கலாம்.

இந்தக் காற்றோடு நூறு வருடத்துக்கு மேலாக மனிதர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1905-ல் அரிசோனாவின் லோவல் ஆய்வகத்தில் கார்ல் லாம்ப்லாண்ட் செவ்வாயைப் படம்பிடித்தார். கண்ணாடித் தகட்டில் விழுந்தது மிகச் சிறிய பிம்பம். செவ்வாயில் கால்வாய்கள் இருப்பதாக நம்பிய பெர்சிவல் லோவல், அவற்றின் கோடுகள் அதில் தெரிவதாகச் சாதித்தார். மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள், தெரியவில்லை. அந்தக் காலத் தகடுகளுக்கு வெளிச்சம் போதாது. ஒரு படத்துக்குச் சில விநாடிகளாவது திறந்துவைக்க வேண்டும். அந்தச் சில விநாடிக்குள் காற்று எத்தனையோ முறை புரண்டுவிடும். நல்ல கணமும் கெட்ட கணமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, விவரம் முழுவதும் அழிந்துபோகும். அதனால்தான் புகைப்படம் வந்து வெகுகாலத்துக்குப் பிறகும் கிரகங்களைப் பொறுத்தவரை பென்சிலும் தாளும் வைத்திருந்தவர்களே முன்னால் இருந்தார்கள்.

கண்ணுக்கு ஒரு வரம் உண்டு: காற்று அடங்கும் கணத்தை அது பிடித்துக்கொள்ளும், மற்றவற்றை விட்டுவிடும். 1909 செப்டம்பரில் பாரிஸுக்கு அருகே மியூடோன் ஆய்வகத்தில், 83 சென்டிமீட்டர் வில்லைத் தொலைநோக்கியில் யூஜீன் அந்தோனியாடி செவ்வாயைப் பார்த்தார். முதல் இரவே காற்று அபூர்வமாக அடங்கி நின்றது. நேர்க்கோடுகள் என்று எல்லோரும் வரைந்துகொண்டிருந்தவை அவர் கண்முன் சின்னச் சின்னத் திட்டுகளாகப் பிரிந்தன. கால்வாய் வாதத்துக்கு விழுந்த பெரிய அடிகளில் அது ஒன்று. அதே சமயம், லோவலும் தன் கண்ணால் பார்த்துத்தான் கால்வாய்களை வரைந்தார் என்பதை மறக்கக் கூடாது. கண் நல்ல கணத்தைப் பிடிக்கும்; பிடித்ததைத் தாளுக்குக் கொண்டுபோகும் வழியில் மனம் தன் விருப்பத்தைச் சேர்த்துவிடும். கண்ணின் பொறுக்கும் திறமையும் தகட்டின் நேர்மையும் ஒரே கருவியில் சேர வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் நெடுநாள் ஏக்கம்.

அது சேர முடியும் என்று கணக்கில் காட்டியவர் டேவிட் ஃபிரைட். 1978-ல் வெளியான அவருடைய கட்டுரை, காற்றுக் கலக்கத்தின் ஊடே தற்செயலாக ஒரு தெளிவான படம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்கிறது. காற்றில் ஒளி சீராக வருகிற திட்டுகள் இருக்கின்றன. பல இரவுகளில் ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆடியின் அகலம் அந்தத் திட்டின் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு இருந்தால், மிகக் குறுகிய நேரத்தில் எடுத்த ஒன்பது படங்களில் ஒன்று தெளிவாக வரும். ஏழு மடங்கு என்றால் சுமார் 370-க்கு ஒன்று. பத்து மடங்கு என்றால் பத்து லட்சத்துக்கு ஒன்று.

இந்த மூன்று எண்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். மலை உச்சியில் கட்டிய பெரிய ஆடிகளுக்கு, தனியாகக் காற்றுத் திருத்தும் கருவிகள் இல்லாவிட்டால், இந்த அதிர்ஷ்டம் கிட்டவே கிட்டாது. வீட்டுத் தோட்டத்தில் வைக்கிற எட்டு அங்குலத்துக்கும் பதினைந்து அங்குலத்துக்கும் தாராளமாகக் கிட்டும். கணக்கே சின்ன ஆடியின் பக்கம் நிற்கிறது. பிறகு வேண்டியதெல்லாம், விநாடிக்குப் பல படம் எடுக்கிற கருவி ஒன்றும், எடுத்ததில் நல்லதைப் பொறுக்குகிற புத்தி ஒன்றும்.

கருவி வந்து சேர்ந்த விதம் எனக்குப் பிடித்தமான கதை. 2000-ஐ ஒட்டிய வருடங்களில், வெளியூரில் இருக்கும் உறவினரோடு கணினியில் முகம் பார்த்துப் பேசுவதற்காக பிலிப்ஸ் நிறுவனம் டூகேம் புரோ என்ற வெப்கேமை விற்றது. உள்ளே சோனி தயாரித்த, 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட ஒரு சென்சார். மங்கலான அறை வெளிச்சத்திலும் முகம் தெரிய வேண்டும் என்பதால் அது ஒளிக்கு நன்றாக இசையும். வானம் பார்ப்பவர்கள் அதன் முன்னாலிருந்த வில்லையைத் திருகிக் கழற்றிவிட்டு, ஐபீஸ் செருகும் குழாயில் அதைச் செருகினார்கள். நிமிடத்துக்குச் சில நூறு படங்கள் வீடியோவாக வந்து விழுந்தன. அத்தனையையும் பிரித்து, தரம் பார்த்து, நல்லவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதற்கு 2002-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர் பெரெவோட்ஸ் ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளை எழுதி, இலவசமாகக் கொடுத்தார். இரண்டு மூன்று வருடத்துக்குள், அதற்கு முன் மலை உச்சி ஆய்வகங்களில் ஃபிலிமில் எடுத்த படங்களைவிடத் தெளிவான வியாழன் படங்கள் வீட்டுக் கொல்லைகளிலிருந்து வர ஆரம்பித்தன.

பத்து வருடத்துக்குள் வெப்கேமின் இடத்தைத் தொழிற்சாலைச் சோதனைக்காகச் செய்த கேமராக்களும், பிறகு கிரகங்களுக்கென்றே செய்த கேமராக்களும் பிடித்துக்கொண்டன. வேகம் கூடியது, இரைச்சல் குறைந்தது. முறை மட்டும் மாறவில்லை.

இப்போது ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம். நியூ சவுத் வேல்ஸில், கான்பெராவுக்கு வடக்கே முரம்பேட்மன் என்ற சிற்றூர். ஆண்டனி வெஸ்லி கணினி நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். வியாழனைப் படம் எடுப்பது அவருடைய இரவு வேலை. தொலைநோக்கியைத் தானே கட்டியவர். வீடியோவிலுள்ள ஒவ்வொரு படத்திலும் கிரகத்தை நடுவில் கொண்டுவந்து, தெளிவின் வரிசைப்படி அடுக்கிவைக்கும் நிநாக்ஸ் என்ற நிரலையும் அவரே எழுதிப் பிறருக்குக் கொடுத்திருந்தார். அந்த வருடம் வியாழன் மகர விண்மீன் கூட்டத்துப் பக்கம், வானத்தின் தென்பாதியில் இருந்தது. லண்டனில் இருப்பவருக்கு அது கூரைகளுக்குச் சற்று மேலே, புகையும் வெப்பமும் நிறைந்த காற்றின் ஊடே தெரியும். அவ்வளவு தாழ்வாக இருந்தால் காற்றே ஒளியை நிறநிறமாகப் பிரித்து, ஓரத்தில் நீலமும் சிவப்பும் ஒட்டவைக்கும். முரம்பேட்மனில் அதே வியாழன் நடுவானத்தில் நின்றது.

நம் ஊருக்கும் இந்த அனுகூலம் உண்டு என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டின் அட்சரேகையில் எந்தக் கிரகமும் எந்த வருடமும் உச்சிக்கு வரும்போது பாதி வானத்துக்கு மேலே ஏறிவிடும். ஐரோப்பியர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிற உயரம் இங்கே எப்போதும் கிடைக்கிறது. நமக்கு எதிரி மொட்டைமாடியின் கான்கிரீட். பகல் முழுக்க வாங்கிவைத்த வெயிலை அது பின்னிரவு வரை மெல்லத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். என் எட்டு அங்குல ஆடியில் சாயங்காலம் ஏழு மணிக்குச் சனியைப் பார்த்தால் வளையம் எது கோளம் எது என்று பிரிக்க முடியாமல் கொதிக்கும். அதே தளத்தில் விடியற்காலை நாலு மணிக்கு வளையத்துக்கு நடுவில் காசினி இடைவெளி நிதானமாகத் தெரியும். ஆடியும் அப்படித்தான். வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்கும்வரை, அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றே பிம்பத்தைக் கெடுக்கும். அதனால் ஆடிக்குப் பின்னால் விசிறி வைக்கிறார்கள். இன்னும் தீவிரமானவர்கள் மின்சாரத்தால் குளிர்விக்கிறார்கள். 62 கோடி கிலோமீட்டர் பழுதில்லாமல் வந்த ஒளியைக் கடைசி ஒரு சென்டிமீட்டர் காற்று கெடுத்துவிடுமே என்ற பதைப்பு அவர்களுக்கு.

ஜூலை 19 ராத்திரி வெஸ்லி படமெடுக்க உட்கார்ந்தபோது காற்று மோசம் இல்லை, பிரமாதமும் இல்லை. இங்கிலாந்தில் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் டெஸ்ட் நடந்துகொண்டிருந்த வாரம் அது. நள்ளிரவு வாக்கில் மூட்டை கட்டிவிடலாமா என்று யோசித்தவர், மனம் மாறி, வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் டிவியில் கோல்ஃபும் கிரிக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். திரையில் வியாழனின் தென்துருவப் பக்கம் ஒரு கரும்புள்ளி சுழற்சியோடு உள்ளே வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அவர் செய்தவற்றில்தான் இந்தக் கலையின் சாரம் இருக்கிறது. முதலில் அது துருவப் பகுதியில் வழக்கமாக வரும் கருமையான புயல் என்று நினைத்தார். வியாழன் ஒரு சுற்றுச் சுற்ற பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான் ஆகும். அதனால் புள்ளி நடுப்பக்கம் நகர்ந்துவர அதிக நேரம் பிடிக்கவில்லை. காற்றும் சற்றுத் தெளிந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறிமாறி வடிகட்டி போட்டு எடுத்த எல்லாப் படத்திலும் அது கறுப்பாகவே இருந்தது. புயல்கள் அப்படி இருக்காது. ஏதாவது ஒரு நிறத்தில் வெளுத்துத் தெரியும். அடுத்து, நிலவு ஒன்றின் நிழலோ என்று சோதித்தார். நிழல் என்றால் அதன் இடமும் அளவும் பொருந்தவில்லை. நிழலுக்குரிய வேகத்திலும் நகரவில்லை, மேகங்களோடு மேகமாக நகர்ந்தது. பிறகு, இரண்டு ராத்திரிக்கு முன்பு அதே பகுதியை எடுத்த தன் படங்களைத் திறந்து பார்த்தார். அந்த இடம் சுத்தமாக இருந்தது.

அந்த இரண்டு ராத்திரிக்கு முந்தைய படம் இல்லாவிட்டால் கதை வேறாகியிருக்கும். உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எதுவும் வியாழனை ஓர் இரவு விட்டு ஓர் இரவு பார்ப்பதில்லை, பார்க்க முடியாது. அவற்றின் நேரத்தைக் குழுக்கள் கூடி மாதக்கணக்கில் முன்னதாகப் பங்கிட்டுவிடுகின்றன. விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது என்ற வேலையைச் செய்கிறவர்கள் இந்தத் தோட்டத்து ஆட்கள்தான். வெஸ்லிக்கு வியாழனின் முகம் பழக்கம். பழகிய முகத்தில் புதிதாக ஒரு மரு வந்திருக்கிறது என்று சொல்ல அந்த முகத்தை நேற்றும் அதற்கு முந்தைய நாளும் பார்த்திருக்க வேண்டும்.

அவர் பார்த்த படம் எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இரண்டு மீட்டர் குவியதூரமுள்ள தொலைநோக்கியில் வியாழனின் பிம்பம் அரை மில்லிமீட்டர்கூட வராது. பார்லோ என்ற வில்லையை இடையில் வைத்து அதை நாலைந்து மடங்கு பெரிதாக்கி சென்சாரில் விழவைக்கிறார்கள். ஒரு வீடியோவை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்ட முடியாது, ஏனென்றால் நடுக்கோட்டில் வியாழன் ஒரு நிமிடத்தில் சுமார் 750 கிலோமீட்டர் சுழன்றுவிடும். ஆடி பிரித்துக் காட்டக்கூடியதே 900 கிலோமீட்டர் என்னும்போது, அதற்கு மேல் போனால் கிரகமே தன்னைத் தேய்த்து அழித்துக்கொள்ளும். அந்தக் குறுகிய நேரத்தில் சில ஆயிரம் படங்கள். ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: புள்ளிபுள்ளியாக இரைச்சல், ஒரு பக்கம் வீங்கிய வட்டு, பட்டைகள் இருக்குமிடத்தில் சாம்பல் நிறத் தீற்றல். நூற்றில் ஒன்றில், அதுவும் சில சமயம், பட்டையின் ஓரம் சட்டென்று கூர்மையாக இருக்கும். நிரல் அவற்றைத் தேடிப் பொறுக்கி, பத்தில் ஒன்றையோ ஐந்தில் ஒன்றையோ வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குகிறது. வைத்துக்கொண்டதை அடுக்கி சராசரி எடுக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். கிரகத்தின் விவரம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருப்பதால் தங்கிவிடும். அப்போதும் படம் மெழுகு பூசியது மாதிரி மழுங்கலாகவே தெரியும். கடைசியாகக் கூர்மையாக்கும் கட்டம். திரையில் ஒரு குமிழை மெல்ல நகர்த்த, மெழுகுக்கு அடியிலிருந்து பட்டைகளின் நெளிவுகளும் வெள்ளை நீள்வட்டங்களும் எழுந்து வருகிற அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் ஆட்கள் ராத்திரித் தூக்கத்தை விடுகிறார்கள். குமிழை அளவுக்கு மீறி நகர்த்தினால் இல்லாத வளையங்களும் கோடுகளும் முளைக்கும். லோவலின் பென்சில் செய்த காரியத்தை இந்தக் குமிழும் செய்ய வல்லது. அதனால் நேர்மையானவர்கள் கைக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், மூல வீடியோவையும் பத்திரப்படுத்துகிறார்கள்.

முரம்பேட்மனிலிருந்து புள்ளி மின்னஞ்சலில் ஏறியது. கலிபோர்னியாவில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வியாழனை ஆராய்ந்துகொண்டிருந்த கிளென் ஆர்ட்டனுக்குச் செய்தி போனது. ஹவாயின் மௌனா கியா மலையிலுள்ள நாசாவின் மூன்று மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியில் அவர் குழுவுக்கு நல்லவேளையாக ஏற்கெனவே நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஜூலை 20 அன்று அவர்கள் அந்த இடத்துக்குத் திருப்பினார்கள். வெஸ்லியின் படத்தில் கறுப்பாக இருந்த இடம் அகச்சிவப்பில் பளிச்சென்று ஒளிர்ந்தது. வியாழனின் காற்றிலுள்ள மீத்தேன் சில அகச்சிவப்பு நிறங்களை விழுங்கிவிடும். மேகங்களிலிருந்து வருவது வழியிலேயே அழிந்து, அந்த நிறத்தில் கிரகம் இருண்டு தெரியும். அங்கே ஒன்று பளிச்சென்று தெரிந்தால், அது மீத்தேனுக்கும் மேலே, மிக உயரத்தில் மிதக்கிறது என்று பொருள். அவ்வளவு உயரத்துக்குத் தூசியை ஏற்ற எந்தப் புயலாலும் ஆகாது. 1994-ல் வால்மீன் துண்டுகள் விட்டுப்போன தழும்புகளும் இப்படித்தான் ஒளிர்ந்தன. ஏதோ விழுந்திருக்கிறது என்பது அன்றே உறுதியாகிவிட்டது. மனிதன் நிலவில் கால்வைத்து நாற்பது வருடம் நிறைந்த அதே நாள்.

பக்கத்திலேயே இருந்த பத்து மீட்டர் கெக் தொலைநோக்கியும் அதைப் படமெடுத்தது. ஜூலை 23 அன்று ஹப்பிள், சோதனையை நடுவில் நிறுத்திவிட்டு, புதிய கேமராவை வியாழன் பக்கம் திருப்பியது. வானியலாளர் ஹெய்டி ஹாமெல் தலைமையில் எடுத்த அந்தப் படத்தில் புள்ளி அதற்குள் காற்றில் இழுபட்டு, கிழிந்து, கிளைவிட ஆரம்பித்திருந்தது. அடுத்த மாதங்களில் அது வெளிறி, நீண்டு, கரைந்தது. விழுந்தது வால்மீனாக இருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் எண்ணினார்கள். தூசியின் வேதியியலையும் பரவிய விதத்தையும் அலசிய பிறகு, பாறையாலான சிறுகோள் என்ற முடிவுக்குச் சாய்ந்தார்கள். வியாழனுக்குப் பக்கத்தில் வால்மீன்கள் மட்டுமே மோதலுக்கு வரும் என்ற எண்ணம் அதோடு தளர்ந்தது. இவ்வளவு ஆய்வுகளுக்கும் முதல் சான்றாக நிற்பது ஒரு கணினி நிரலாளர் தன் தோட்டத்தில் எடுத்த படம்.

புள்ளியின் பயணம் அதோடு நின்றுவிடவில்லை, வேறொரு கேள்வியாகத் தொடர்ந்தது. 2010 ஜூன் 3 அன்று வெஸ்லி ஊரைவிட்டுத் தொலைவில், புரோக்கன் ஹில் என்ற சுரங்க நகரத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தார். அங்கே வியாழனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது திரையில் சுமார் இரண்டு விநாடி நேரம் ஓர் ஒளிப்பொட்டு தோன்றி மறைந்தது. பிலிப்பைன்ஸின் சிபு நகரத்தில் கிறிஸ்டோபர் கோ அதே நேரம் வியாழனை எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வீடியோவிலும் அதே இடத்தில் அதே மின்னல். தரையிலிருந்து ஒரு மோதல் நடக்கும்போதே அதை இப்படி இருவர் பிடித்தது அதுவே முதல்முறை. விழுந்தது பத்து மீட்டர் அளவுள்ள சின்னக் கல். மறுநாள் பார்த்தால் தழும்புகூட இல்லை.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். அடுக்கிச் சராசரி எடுக்கும் முறைக்கு இரண்டு விநாடி மின்னல் என்பது இரைச்சல். ஆயிரக்கணக்கான படங்களில் சில டஜன் படங்களில் மட்டும் வந்த வெளிச்சப்பொட்டை அது கரைத்துவிடும். கிரகத்தைத் தெளிவாகக் காட்டிய அதே உத்தி மோதலை அழித்துவிடும். வெஸ்லியும் கோவும் நேரலையாகத் திரையைப் பார்த்தும், மூல வீடியோவைத் தேடியும்தான் அதைக் கண்டார்கள். அதற்கு முன் எத்தனை மின்னல்கள் அடுக்கலில் காணாமல் போயிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. பிரான்ஸைச் சேர்ந்த அமெச்சூர் வானியலாளர் மார்க் டெல்குரோவா இதற்காகவே டீடெக்ட் என்ற நிரலை ஏற்பாடு செய்தார். அது வீடியோவைப் படம்படமாகப் பிரித்து, பக்கத்துப் படத்தில் இல்லாத வெளிச்சத்தை மட்டும் தேடும். உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் வீடியோக்களை அதில் ஓட்டி, ஒன்றும் கிடைக்கவில்லை என்ற முடிவையும் அவருக்கு அனுப்புகிறார்கள். ஒன்றும் இல்லை என்பதும் கணக்குக்கு வேண்டும்: எத்தனை மணி நேரம் பார்த்தோம் என்று தெரிந்தால்தான் எத்தனை விழுகின்றன என்று சொல்ல முடியும். ஸ்பெயினின் பில்பாவோவிலுள்ள ரிக்கார்டோ உவேசோவும் டெல்குரோவாவும் மற்றவர்களும் 2018-ல் அப்படிக் கணக்கிட்டதில், 5 முதல் 20 மீட்டர் வரையுள்ள கற்கள் வியாழன்மேல் ஆண்டுக்கு 10 முதல் 65 வரை விழுகின்றன. பெருந்தொலைநோக்கி ஒன்றின் மூன்று இரவு நேரத்தைக் கொண்டு இந்த எண்ணைப் பெறவே முடியாது.

2021 செப்டம்பர் 13 அன்று பிரேசிலில், சாவ் பாவுலோவை ஒட்டிய ஊரில், ஜோசே லூயிஸ் பெரேய்ரா வழக்கம்போல வியாழனை எடுத்தார். அன்று வானம் சரியில்லை. முதல் வீடியோவிலேயே ஏதோ ஒரு வெளிச்சம் தெரிந்தது; கருவியில் வைத்த அமைப்புகளால் வந்ததாக இருக்கும் என்று பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தொடர்ந்து எடுத்தார். எடுத்ததையெல்லாம் டீடெக்டில் ஓட்டிவிட்டுத் தூங்கப் போனார். காலையில் எழுந்து பார்த்தால், மோதலுக்கு வாய்ப்பு அதிகம் என்று நிரல் எச்சரித்திருந்தது. வீடியோவை டெல்குரோவாவுக்கு அனுப்பினார். அவர் பார்த்து உறுதிசெய்து, உலக நேரம் 22 மணி 39 நிமிடம் என்று குறித்து அறிவித்தார். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் சிலர் அதே நேரம் வியாழனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடமும் அது பதிவாகியிருந்தது.